நாடிழந்தோர் ஆக்கிய நடனம்: சல்சா பயிலத் தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள்

புலம்பெயர்ந்த மண்ணில் சனிக்கிழமை இரவு எமது இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் ஒரு சிறு சோதனையாகவே வந்து சேர்கின்றது. உணவகச் சமையலறையில் அருகே நின்று கோப்பை கழுவும் கொலம்பிய நாட்டவர், துப்புரவு வேலையில் உடனிருக்கும் டொமினிக்கன் பெண்மணி, மொழி வகுப்பில் பக்கத்து இருக்கையில் அமரும் கியூபா இளைஞர் ஆகியோரில் எவரேனும் ஒருவர், "இன்றிரவு சல்சா ஆடப் போகின்றோம், நீயும் வா" என்று அழைக்கின்றார். அழைப்பிற் கபடம் எதுவுமில்லை. ஆயினும் எம்மவருட் பலர் ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லி அறைக்குத் திரும்பிவிடுகின்றனர். சிலர் போகின்றனர், போய், ஒரு குவளை குளிர்பானத்தைக் கையிற் பிடித்தபடி ஏனையோர் சுழன்று ஆடுவதைப் பார்த்துவிட்டு, கடைசி மெற்றோவுக்கு நேரமாகிவிட்டதென்று கூறி வெளியேறுகின்றனர்.

இதனை வெறும் கூச்சம் என்று தள்ளிவிட முடியாது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் காத்திருக்கும் ஒருவருக்கு, வாழ்க்கை என்பது வேலைத்தலம், அறை, தொலைபேசி ஆகிய மூன்றுக்குள் சுருங்கிவிடுகின்றது. குடியேறிய நாட்டின் மக்களை அவர் சந்திப்பதெல்லாம் அலுவலக மேசையின் மறுபக்கத்திலிருந்தே. கோப்பு இலக்கமாக அன்றி, பெயர் கொண்ட ஒரு மனிதராகப் பிறர் முன் நிற்கும் சந்தர்ப்பம் அவருக்கு அரிதாகவே வாய்க்கின்றது. சல்சா நடனம் அத்தகைய ஒரு சந்தர்ப்பம் என்பதும், அதனை ஆக்கி வளர்த்தவர்களிற் பெரும்பாலோர் எம்மைப்போல் பிறந்த மண்ணைப் பிரிந்து வந்தவர்களே என்பதும், அதன் அரிச்சுவடியைச் சில வாரங்களிற் கற்றுக்கொள்ளலாம் என்பதும் இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கூற விரும்பும் விடயங்களாகும்.

தீவுகளிலிருந்து நியூயோர்க் வரை

சல்சாவின் வேர் கியூபாவில் உள்ளது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் தாளமும், ஸ்பானியக் குடியேற்றக்காரரின் கிற்றார் இசையும் பாட்டும் கலந்து அத்தீவின் கிழக்குப் பகுதியில் 'சொன்' எனப்படும் இசை உருவாகியது. கியூபாவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1886 இலேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விசை தலைநகர் ஹவானாவை அடைந்தது.

ஆனால் இன்று நாம் சல்சா என்று அழைப்பது நியூயோர்க் நகரிலேயே உருத்திரண்டது. 1917 இல் அமெரிக்கப் பிரசாவுரிமை பெற்ற புவேர்ட்டோ ரிக்கோ தீவினர், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வேலை தேடிப் பெருந்தொகையாக அந்நகருக்கு வந்து கிழக்கு ஹார்லெம், தெற்கு புரொங்ஸ் முதலிய பகுதிகளிற் குடியேறினர். கியூபா நாட்டு இசைக்கலைஞர்கள் அவர்களுக்கு முன்னரே அங்கிருந்தனர். புரோட்வே வீதியில் அமைந்திருந்த பலேடியம் நடன மண்டபத்தில் 1940களின் இறுதியிலிருந்து மச்சிட்டோ, டீட்டோ புவெந்தே, டீட்டோ ரொட்ரிகேஸ் ஆகியோரின் குழுக்கள் மம்போ இசையை முழங்கின. வெவ்வேறு நிறத்தவர் ஒரே மண்டபத்தில் ஆடுவது அமெரிக்காவில் அரிதாக இருந்த அக்காலத்தில், புவேர்ட்டோ ரிக்கர், கறுப்பினத்தவர், யூதர், இத்தாலியர் என அனைவரும் அங்கு சேர்ந்தே ஆடினர். ஒருவர் எங்கிருந்து வந்தவர் என்பதிலும், எப்படி ஆடுகின்றார் என்பதே அங்கு பெரிதாக மதிக்கப்பட்டது. அம்மண்டபம் 1966 இல் மூடப்பட்டது.

1964 இல், டொமினிக்கன் குடியரசிற் பிறந்த இசைக்கலைஞர் ஜொனி பச்சேக்கோவும் இத்தாலிய வம்சாவளியினரான வழக்கறிஞர் ஜெரி மசூச்சியும் இணைந்து 'ஃபானியா' என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடக்கினர். ஆரம்பத்தில் இசைத்தட்டுகளைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிச் சென்று கடை கடையாக விற்றனர். சல்சா என்ற சொல்லுக்கு ஸ்பானிய மொழியிற் குழம்பு அல்லது சுவைச்சாறு என்பது பொருள். பல நாட்டு இசைகளின் கலவைக்கு அப்பெயர் 1970களில் நிலைத்துவிட்டது. டீட்டோ புவெந்தே போன்ற மூத்தோர், சல்சா சாப்பாட்டுக்குரியதேயன்றி இசைக்குரியதன்று என்று இப்பெயரைப் பரிகசித்ததும் உண்டு. பனாமாவிலிருந்து 1974 இல் வந்த ரூபேன் பிளேட்ஸ், முதலில் இந்நிறுவனத்தின் தபாற் பிரிவிலேயே வேலை பார்த்தார். அங்கிருந்து மேலெழுந்த அவர், வில்லி கொலோன் என்பாருடன் சேர்ந்து 1978 இல் வெளியிட்ட 'சியெம்ப்ரா' என்னும் இசைத்தட்டு, சல்சா வரலாற்றில் மிக அதிகமாக விற்பனையானவற்றுள் ஒன்றாகும்.

ஒரு பிடி மண்

இக்கதையில் எம்மவர் அறிந்திருக்க வேண்டிய பெயர் செலியா குரூஸ் என்பது. கியூபாவிற் பெரும் புகழ் பெற்றிருந்த இப்பாடகி, 1960 இல் தமது இசைக்குழுவுடன் மெக்சிக்கோவுக்குச் சென்றவர், பின்னர் நாடு திரும்பவில்லை. 1962 இல் அவருடைய தாயார் இறந்தபோது இறுதிக்கிரியைக்குச் செல்வதற்குக் கியூபா அரசாங்கம் அனுமதி வழங்கவில்லை. பெற்றவளின் முகத்தை இறுதியாகப் பார்க்கக் கொடுத்துவைக்காமற் போவது எத்தகைய துயரம் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

1990 இல், கியூபாவின் குவாந்தனாமோவில் உள்ள அமெரிக்கத் தளத்திற் பாடச் சென்றபோது, தாய்மண்ணில் ஒரு பிடியை அள்ளிவந்து அவர் பாதுகாத்து வைத்திருந்தார். 2003 யூலையில் அவர் காலமானார். உடல் முதலில் மயாமி நகரின் சுதந்திரக் கோபுரத்தில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. 1960களிற் கியூபா அகதிகளைப் பதிவுசெய்து உதவி வழங்கிய நிலையம் இயங்கிய கட்டடம் அதுவேயாகும். பின்னர் நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் அவர் அடக்கம் செய்யப்பட்டபோது, அந்தப் பிடி மண்ணும் அவருடன் சேர்க்கப்பட்டது. இப்பெண்மணியின் பாடல்கள்தான் இன்று இலண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் இளையோரை ஆடச் செய்கின்றன. உல்லாச இசை என்று நாம் எண்ணும் ஒன்றினுள் நாடிழந்தோரின் துயரும் உறைந்திருக்கின்றது.

எமக்கு முற்றிலும் அந்நியமா?

இலங்கையின் திருமண வீடுகளிற் பைலாப் பாட்டுக்கு ஆடாதவர் சிலரே. பைலா என்ற சொல் 'ஆடுதல்' என்னும் பொருளுடைய போர்த்துக்கீசச் சொல்லின் வழி வந்தது. ஸ்பானிய மொழியிலும் அதே சொல் அதே பொருளில் வழங்குகின்றது. சல்சாப் பாடல்களிற் பாடகர் இடையிடையே 'பைலா' என்று கூவுவதைக் கேட்கும் எம்மவர் திகைக்கவேண்டியதில்லை; 'ஆடு' என்றே அவர் சொல்கின்றார்.

ஒற்றுமை சொல்லோடு நின்றுவிடவில்லை. போர்த்துக்கீசரும், அவர்கள் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மக்களும் விட்டுச்சென்ற இசைக் கலவையே பைலாவின் அடிப்படை. மட்டக்களப்புப் பறங்கியர் மத்தியில் அதன் பழைய வடிவமான கஃப்ரிஞ்ஞா தலைமுறைகளாகப் பேணப்பட்டு வந்தது. அந்த இசைதான் 1970களின் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசைக்கும் உரமூட்டியது. ஐபீரியக் குடாநாட்டுப் பாட்டும் ஆபிரிக்கத் தாளமும் கரிபியன் கடலிற் கலந்தபோது கிடைத்தது சல்சா. இந்து சமுத்திரத்திற் கலந்தபோது கிடைத்தது பைலா. இரண்டும் ஒன்றல்ல, தாளக்கட்டு வேறு, ஆடும் முறை வேறு. ஆனாலும் தூரத்து உறவு என்று சொல்லிக்கொள்ளத் தடையில்லை.

முதலிற் காது

பயிலத் தொடங்குவோர் பலரும் விடுகின்ற தவறு, காலை முதலில் அசைக்க முற்படுவதே. காதுதான் முதலிற் பழகவேண்டும். ஆதிதாளத்தின் எட்டு அட்சரங்களைக் கையாற் போட்டுப் பழகியவர்களுக்கு இங்கு ஓர் அனுகூலம் உண்டு. சல்சாவும் எட்டு எட்டாகவே எண்ணப்படுகின்றது.

இவ்விசையின் முதுகெலும்பு 'கிளாவே' எனப்படும் தாள அமைப்பாகும். கைக்கடக்கமான இரண்டு மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி இதனை ஒலிப்பர். எட்டு எண்ணிக்கைக்குள் ஐந்து தட்டுகள் விழும். ஒரு முறையின்படி, ஒன்றாவது, இரண்டரையாவது, நாலாவது எண்ணிக்கைகளில் மூன்று தட்டுகள். பின்னர் ஆறாவதிலும் ஏழாவதிலும் இரண்டு தட்டுகள். மற்றொரு முறையில் இரண்டு தட்டுகள் முந்தியும் மூன்று தட்டுகள் பிந்தியும் வரும். மேசையில் ஒரு கையால் எட்டையும் சீராகத் தட்டிக்கொண்டு, மறு கையால் இந்த ஐந்தையும் தட்டிப் பாருங்கள். அந்த 'இரண்டரை' கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாட்டு முழுவதிலும் கட்டையொலி தெளிவாகக் கேட்கும் என்பதற்கில்லை. சில பாடல்களில் அது ஒலிப்பதேயில்லை. ஆயினும் ஏனைய கருவிகள் யாவும் அதற்கு அடங்கியே ஒலிக்கும். அப்போது கொங்கா எனப்படும் நெடிய முரசைத் தேடுங்கள். நாலாவது எண்ணிக்கையிலும் எட்டாவது எண்ணிக்கையிலும் அது இரண்டு திறந்த ஒலிகளை அடுத்தடுத்து எழுப்பும். வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் மெற்றோவிலும் ஒரு வாரம் இதனை மட்டும் கேட்டுப் பழகினாற் போதும். வகுப்புக்குப் போகும் முதல் நாளில் நீங்கள் மற்றவரிலும் முன்னால் நிற்பீர்கள்.

ஆறு அடி, இரண்டு ஓய்வு

இனிக் கால். எட்டு எண்ணிக்கையில் ஆறில் அடி வைத்து, நாலிலும் எட்டிலும் ஓய்வதே அடிப்படை. வழிநடத்துபவர் ஒன்றில் இடது காலை முன்னே வைப்பார், இரண்டில் உடற்பாரத்தைப் பின்னே நிற்கும் வலது காலுக்கு மாற்றுவார், மூன்றில் இடது காலை மீட்டு வலது காலோடு சேர்ப்பார், நாலில் ஓய்வு. ஐந்தில் வலது காலைப் பின்னே வைப்பார், ஆறிற் பாரத்தை இடது காலுக்கு மாற்றுவார், ஏழில் வலது காலைச் சேர்ப்பார், எட்டில் ஓய்வு. எதிரே நிற்பவர் இதனையே கண்ணாடியிற் கண்டதுபோல் மறுதலையாகச் செய்வார். கால் ஓயும் அந்த நாலிலும் எட்டிலும்தான் முரசு பேசுகின்றது என்பதைக் கவனித்தால், ஓய்வை மறந்து ஓடிவிடும் பழக்கம் தானாகவே மறையும்.

அடிகள் சிறிதாக இருக்கட்டும். உங்கள் பாதத்தின் நீளத்துக்கு மேற் போகவேண்டியதில்லை. நெருக்கமான மண்டபத்திற் பெரிய அடி வைப்பவர் பிறருடைய காலையே மிதிப்பார். முழங்கால் சற்றுத் தளர்ந்திருக்க வேண்டும். இடுப்பின் அசைவைக் கண்டு அஞ்சவேண்டாம். உடற்பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு முழுமையாக மாறும்போது இடுப்பு தானாகவே அசையும். வேண்டுமென்று ஆட்டினால் அது நகைப்புக்கிடமாகும். பரதம் பயின்ற எமது பெண்பிள்ளைகளுக்குத் தாளம் கைவந்த கலை. ஆனால் பாதத்தைத் தட்டி அடிக்கும் பழக்கத்தை இங்கு தளர்த்த வேண்டும். சல்சாவின் அடி தரையைத் தட்டுவதன்று, தரையை அழுத்துவதாகும்.

காலணி பற்றியும் ஒரு வார்த்தை. சமையலறை வேலைக்கு அணியும் வழுக்காத றப்பர்ச் சப்பாத்து, தரையைப் பற்றிப் பிடித்து முழங்காலைத் திருகிவிடும். அடிப்பாகம் வழுவழுப்பான சாதாரண தோற் சப்பாத்துப் போதுமானது. பெண்கள் உயர்ந்த குதி அணியவேண்டும் என்ற கட்டாயமில்லை. நடன விடுதியில் இறுக்கமும் வெப்பமும் அதிகம்; வேலை முடிந்து நேரே செல்பவர்கள் மாற்றுச் சட்டையும் ஒரு சிறு துவாயும் எடுத்துச்செல்வது நன்று. தாளித்த வெங்காய வாசனையோடு நெருங்கி ஆட எவரும் விரும்பமாட்டார்.

கை சொல்லும் செய்தி

சல்சா இருவர் பேசிக்கொள்ளும் உரையாடல். ஒருவர் வழிநடத்த, மற்றவர் அதனை உணர்ந்து தொடர்கின்றார். மரபில் ஆண் வழிநடத்துவார். இன்று பெண்கள் வழிநடத்துவதும், ஆண்கள் தொடர்வதும் வழக்கத்தில் உண்டு. இழுப்பதும் தள்ளுவதும் வழிநடத்தலாகாது. தோளுக்குக் கீழே கைவைத்து மென்மையாகத் தாங்கி, அடுத்த அசைவை அரை எண்ணிக்கை முன்னதாக உணர்த்துவதே அதன் நுட்பம். தொடர்பவரும் கையை முற்றாகத் தளர்த்திவிடாது, சிறிது உறுதியோடு வைத்திருக்க வேண்டும். தளர்ந்த கயிற்றினூடாகச் செய்தி போகாது.

புதியவர்கள் இணைவரின் கண்ணைப் பார்க்கக் கூசித் தங்கள் காலையே குனிந்து பார்ப்பதுண்டு. குனிந்தால் உடல் சாயும், தாளம் தவறும். கண்ணை நேரே பார்க்கக் கூச்சமாயின் தோளைப் பாருங்கள்.

இருவராக ஆடத் தயங்குவோர்க்கு ஏற்றது 'ருவேதா' எனப்படும் வட்ட நடனம். 1950களின் இறுதியில் ஹவானாவின் 'கசினோ டெப்போர்ட்டீவோ' என்னும் கழகத்தைச் சார்ந்து இது வளர்ந்தது. பல இணைகள் வட்டமாக நிற்க, ஒருவர் குரல்கொடுப்பார். அவர் 'தாமே' என்றதும் ஒவ்வொருவரும் அடுத்த இணைவரிடம் மாறவேண்டும். வட்டமாக நின்று கும்மியும் கோலாட்டமும் ஆடிய மரபினராகிய எமக்கு இதன் இயல்பு எளிதிற் புரியும். வட்டத்தில் எவரும் தனித்து விடப்படுவதில்லை என்பதும், ஒருவரோடேயே நெடுநேரம் ஆடவேண்டிய சங்கடம் இல்லை என்பதும் இதன் சிறப்பு.

சகோதர நடனங்கள்

சல்சா இரவுகளில் சல்சா மட்டுமே இசைக்கப்படுவதில்லை. மெரெங்கே, பச்சாட்டா, சா-சா-சா ஆகியனவும் இடையிடையே வரும். உண்மையிற் புதியவர்கள் மெரெங்கேயிலிருந்து தொடங்குவதே இலகு. டொமினிக்கன் குடியரசின் இந்நடனத்தில், எண்ணிக்கைக்கு ஓர் அடியாக இடம் வலம் மாறி மாறி நடந்தாற் போதும். பத்து நிமிடத்திற் பழகி, முதல் இரவிலேயே துணிந்து ஆடலாம்.

பச்சாட்டாவும் அந்நாட்டதே. மூன்று அடி பக்கவாட்டில் வைத்து, நாலாவதிற் பாதத்தைத் தொட்டு அல்லது இடுப்பைச் சற்றே உயர்த்தி, மீண்டும் எதிர்ப்புறம் மூன்று அடி வைப்பதே அடிப்படை. முப்பது ஆண்டுகள் நாட்டை அடக்கியாண்ட சர்வாதிகாரி துருகியோ 1961 இற் கொல்லப்பட்ட பின்னர், 1962 இல் ஹொசே மனுவேல் கால்தெரோன் என்பவர் முதலாவது பச்சாட்டாப் பாடல்களைப் பதிவுசெய்தார். ஏழைகளின் பாட்டு, மதுக்கடைப் பாட்டு என்று மேற்குடியினர் அதனை நெடுங்காலம் இகழ்ந்தனர். 1990 இல் ஹுவான் லூயிஸ் கெர்ரா வெளியிட்ட 'பச்சாட்டா ரோசா' அந்த இகழ்ச்சியைத் துடைக்கப் பெரிதும் உதவியது. 2019 இல் யுனெஸ்கோ நிறுவனம் பச்சாட்டாவை மானுடத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. சதிர் என்று இகழ்ந்து ஒதுக்கப்பட்ட ஆட்டம் பின்னர் பரதநாட்டியம் என்று மேடையேறிய வரலாற்றை அறிந்த எமக்கு இதில் வியப்பில்லை.

சா-சா-சா, 1950களின் தொடக்கத்தில் கியூபா இசையமைப்பாளர் என்ரிக்கே ஹொரீன் ஆக்கிய தாளத்துக்கு உரியது. ஆடுவோரின் பாதங்கள் தரையில் உரசிய ஒலியே அதன் பெயராயிற்று என்பர். சல்சா பழகிய பின்னர் இது எளிதாக வந்துவிடும்.

அவை ஒழுக்கம்

அடிகளைப் பிழையாக வைத்தால் எவரும் கோபிப்பதில்லை. ஒழுக்கம் பிழைத்தால் மீண்டும் அழைக்கமாட்டார்கள். ஆதலால் இப்பகுதியை இளைஞர்கள் ஊன்றிப் படிக்கவேண்டும்.

ஆட அழைப்பவர் கையை நீட்டிப் பணிவாகக் கேட்கவேண்டும். பெண்ணும் ஆணை அழைக்கலாம். அதில் வேறு பொருள் கற்பிக்கக்கூடாது. மறுத்தால் புன்னகையோடு விலகிவிடவேண்டும். மறுப்பு அவமானமன்று, களைப்பாக இருக்கலாம், பாட்டுப் பிடிக்காமலிருக்கலாம். காரணம் கேட்பதும், அதே இரவிற் திரும்பத் திரும்பச் சென்று வற்புறுத்துவதும் அநாகரிகம். ஏற்றுக்கொண்டால் அது ஒரு பாட்டுக்கு மட்டுமான உடன்பாடு. நாலைந்து நிமிடங்களிற் பாட்டு முடிந்ததும் நன்றி கூறி விடைபெறுவதே முறை. நெருங்கி ஆடியதைக் காதலென்று எண்ணுவது எம்மவர் சிலருக்கு நேரும் மயக்கம். அந்த நெருக்கம் நடனத்துக்குரியது, நடனத்தோடு முடிந்துவிடுவது.

எமது பெண்களுக்கும் ஒன்று கூறவேண்டும். எந்த இணைவரையும் எந்தக் கணத்திலும் விட்டு விலக உங்களுக்கு உரிமையுண்டு. பாட்டு முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்ற கடப்பாடு இல்லை. கை தகாத இடத்துக்குப் போனால் நன்றி என்று கூறி நடுப்பாட்டிலேயே விலகிவிடலாம். சபை உங்களையன்றி அவரையே குறைகாணும். முதற் சில தடவைகள் தோழியருடன் செல்வதும், திரும்பும் வழியை முன்னரே உறுதிசெய்வதும் நல்லது.

தேர்ந்தவர்களை அழைக்க அஞ்சவேண்டாம். "இப்போதுதான் பழகுகின்றேன்" என்ற ஒரு வாக்கியத்தை அந்நாட்டு மொழியிற் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் அதனைக் கேட்டவுடன் தமது வேகத்தைக் குறைத்து உங்களுக்கு ஏற்ப ஆடுவர். மொழி வகுப்பிற் பல மாதமாக வாய்திறக்கக் கூசியவர்கள் இங்கு பேசத் தொடங்குவதும் இப்படித்தான்.

செலவும் இடமும்

வதிவிட உரிமை இல்லாதவருக்கும் வருவாய் குறைந்தவருக்கும் இது எட்டாக்கனியா என்ற கேள்வி எழும். இல்லை என்பதே எமது பதில். பல நடன விடுதிகளில் இரவு தொடங்குமுன் புதியவர்களுக்கென ஒரு மணிநேர வகுப்பு நடத்துவர். நுழைவுக் கட்டணத்திலேயே அது அடங்கியிருப்பதுண்டு. ஆண்டு முழுவதற்கும் பணம் கட்டச் சொல்லும் பள்ளிகளில் முதல் வகுப்பை மட்டும் எடுத்துப் பார்த்து, பிடித்தால் மேலே போகலாம். மது அருந்தவேண்டிய கட்டாயம் எங்குமில்லை. தண்ணீர்ப் போத்தலோடு இரவு முழுவதும் ஆடுவோரே சிறந்த ஆட்டக்காரர் என்பதை அங்கு நீங்களே காண்பீர்கள்.

பாரிஸ் வாழ் வாசகர்களுக்குக் காசில்லாத ஓரிடமும் உண்டு. ஐந்தாம் வட்டாரத்தில், சென் நதியின் கரையில், சென் பேர்னார் துறையோரமாக அமைந்த தீனோ ரொசி பூங்காவில் நதியை ஒட்டிச் சிறு வட்ட அரங்குகள் உள்ளன. கோடைகால மாலைகளில் ஓர் அரங்கிற் சல்சாவும் இன்னோர் அரங்கிற் தாங்கோவும் ஆடப்படும். வானமே கூரை, நுழைவுச் சீட்டு இல்லை. கார் டு நோர் நிலையத்திலிருந்து ஐந்தாம் இலக்க மெற்றோவில் ஏறினால் கார் டோஸ்டர்லிட்ஸ் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். சில நாள்கள் படிக்கட்டில் அமர்ந்து பாருங்கள். எவர் புதியவர், எவர் தேர்ந்தவர் என்பது விரைவிற் தெரியவரும். புதியவர்கள் நீங்கள் எண்ணியதிலும் அதிகம் என்பதும் தெரியவரும். ரொறன்ரோ வாழ் வாசகர்கள், சென் கிளயர் வீதியில் 2005 இல் தொடங்கிய சல்சாத் தெருவிழாவை அறிந்திருப்பர்.

பெற்றோர்க்கு

இதனைப் படிக்கும் பெற்றோர் சிலர் முகஞ்சுழிக்கக்கூடும். அன்னியரோடு கைகோத்து ஆடுவது எமது பண்பாட்டுக்கு அடுக்குமா என்று கேட்பர். அக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. அதன் பின்னால் இருப்பது, பிள்ளைகளையும் இந்த மண் கொண்டுபோய்விடுமோ என்ற அச்சம். ஊரையும் வீட்டையும் இழந்தவர்களுக்கு அந்த அச்சம் நியாயமானதே.

ஆனால் சல்சாவை ஆக்கியவர்களின் கதையே இதற்கு ஒரு மறுமொழியாக அமைகின்றது. நியூயோர்க்கின் குளிரில் தொழிற்சாலை வேலையும் வாடகை வீடுமாக வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கரும் கியூபரும், தமது தாளத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. பிறரையும் அழைத்து ஆடினார்கள். அதனால் அவர்களுடைய மொழியும் பாட்டும் உலகெங்கும் பரவின. தன் கலையில் வேரூன்றி நிற்கும் பிள்ளை பிறர் கலையைத் தொட்டதனாற் கெட்டுவிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மிருதங்க வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குக் கிளாவே எளிதாகப் புரியும் என்று முன்னர் சொன்னோம். அடுத்த வாரம் அவன் தன் கொலம்பியத் தோழனுக்கு ஆதிதாளத்தைச் சொல்லிக் கொடுக்கவும் கூடும்.

பிள்ளைகள் எங்கே போகின்றார்கள், யாருடன் போகின்றார்கள், எப்போது திரும்புவார்கள் என்று கேட்பது பெற்றோரின் கடமை. போகவே கூடாது என்று அடைத்து வைத்தால், அவர்கள் சொல்லாமற் போவார்கள். ஒரு முறை நீங்களும் நதிக்கரைக்குச் சென்று பாருங்கள். அங்கு நரைத்த தலையினரும் ஆடுவதைக் காண்பீர்கள்.

தனிமையில் வாடும் எமது இளையோருக்கு இறுதியாக ஒன்று. நடன விடுதிக்கு நள்ளிரவிற் போகாதீர்கள். கூட்டம் நிறைந்தபின் புதியவருக்கு இடமிருக்காது. புதியவர்களுக்கான வகுப்புத் தொடங்கும் நேரத்துக்குப் போங்கள். அங்கு நிற்கும் அனைவரும் உங்களைப்போல் இடது காலையும் வலது காலையும் தேடிக்கொண்டிருப்பவர்களே. உங்கள் பெயரைச் சொல்லி, எதிரே நிற்பவரின் பெயரைக் கேட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணத் தொடங்குங்கள்.